மியூனிக்கில் எடுத்த காரில் நான்கு நாடுகள்: முதல் முறை எல்லை தாண்டுபவர்களுக்கு

மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் போகும் ஏ8 சாலையில், வால்ஸர்பெர்க் என்ற இடத்தில் ஜெர்மனி முடிகிறது. அந்தப் பக்கம் போகும்போது பெரும்பாலும் யாரும் நிறுத்துவதில்லை. நீலப் பலகையில் மஞ்சள் நட்சத்திர வட்டம், நடுவில் ஆஸ்திரியாவின் பெயர். காரில் பேச்சு சுவாரஸ்யமாக இருந்தால் அதைக்கூடக் கவனிக்காமல் தாண்டிவிடலாம். ஆனால் பலகைக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலைக்குக் கட்டணம் உண்டு, வேகத்துக்குக் கண்டிப்பான வரம்பு உண்டு. உங்கள் வாடகை ஒப்பந்தம் அந்த நாட்டை அனுமதிக்கவில்லை என்றால், காரின் சேதத்துக்கான காப்பீடும் அந்த இடத்தோடு நின்றுவிடும்.

1985இல் லக்ஸம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தில் கையெழுத்தான உடன்பாடு 1995 மார்ச் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அது எடுத்துவிட்டது ஆட்களைச் சோதிக்கும் வழக்கத்தைத்தான். சாலை, போலீஸ், டோல், அபராதம் எல்லாவற்றையும் ஒவ்வொரு நாடும் தன் கையிலேயே வைத்திருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பணம் இழப்பது பெரும்பாலும் இந்த வேறுபாடு தெரியாததால்தான். அதனால் ஓட்டுவதைப் பற்றிப் பேசும் முன் காகிதங்களைப் பற்றி நிறையப் பேசப்போகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு நான் வைத்துக்கொள்வது ஒரு சுற்றுப்பாதை. மியூனிக்கில் தொடங்கி சால்ஸ்பர்க், வில்லாக் வழியாக ஸ்லோவேனியாவின் பிளெட் ஏரி, லூப்லியானா. அங்கிருந்து இத்தாலியின் ட்ரியெஸ்தே, வெனிஸ், வெரோனா. பிறகு பிரென்னர் கணவாய் ஏறி இன்ஸ்ப்ரூக் வழியாக மறுபடி மியூனிக். ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். எட்டு ஒன்பது நாளில் நிதானமாகப் போய் வரலாம். நான்கு நாடுகள், வெவ்வேறு கட்டண முறைகள். இந்த ஒரு சுற்றை ஒழுங்காக முடித்துவிட்டால் மற்ற எல்லைகள் சுலபம்.

முதலில் லைசென்ஸ்

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ சுற்றுலா வருகிறவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டை ஊரிலேயே வாங்கிக்கொண்டு வர வேண்டும். இந்தியாவில் ஆர்டிஓ அலுவலகம் தருகிறது, ஓர் ஆண்டு செல்லும். இலங்கையில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன் தருகிறது. இது தனியாக ஒரு லைசென்ஸ் இல்லை. உங்கள் லைசென்ஸில் இருப்பதைப் பல மொழிகளில் சொல்லும் புத்தகம், அவ்வளவுதான். அசல் லைசென்ஸ் பக்கத்தில் இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. நம் ஊர் லைசென்ஸோடு ஆஸ்திரியாவிலும் இத்தாலியிலும் ஓட்ட இது கட்டாயம். மியூனிக் கவுன்டரில் கேட்காமல் சாவியைத் தந்துவிட்டார்கள் என்பதற்காக, வெரோனாவில் நிறுத்தும் போலீஸ்காரர் கேட்காமல் இருக்க மாட்டார்.

ஜெர்மனியிலேயே குடியேறியவர்களுக்கு வேறொரு கணக்கு. வேலைக்கோ படிப்புக்கோ வந்து இங்கே வசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து 6 மாதம் வரைதான் இந்திய, இலங்கை லைசென்ஸ் செல்லும். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் எழுதி ஜெர்மன் லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஏழாவது மாதத்தில் பழைய லைசென்ஸோடு ஓட்டினால் அது லைசென்ஸே இல்லாமல் ஓட்டிய குற்றம். சர்வதேச அனுமதிச் சீட்டில் இன்னும் நாள் மீதி இருப்பது இங்கே உதவாது. நண்பர்கள் சிலர் இதை நம்பவே மறுத்திருக்கிறார்கள், தயவுசெய்து நம்புங்கள்.

பாஸ்போர்ட், விசா அல்லது வதிவிட அட்டை ஒவ்வொருவருக்கும் அசலாக இருக்க வேண்டும். நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு தற்காலிகக் கடிதத்தை மட்டும் கையில் வைத்திருப்பவர்கள், அதை வைத்து நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பலாமா என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

பதிவு செய்யும்போது

வாடகைத் தளங்களில் முதலில் கண்ணில் படுவது விலை. அதற்குக் கீழே மூன்று நான்கு திரைகள் தள்ளி ஒளிந்திருக்கும் வாடகை நிபந்தனைகளில் எல்லை தாண்டுதல் பற்றி ஒரு பத்தி இருக்கும். அதைத்தான் முதலில் திறக்க வேண்டும். பல நிறுவனங்கள் நாடுகளை மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. மேற்கு ஐரோப்பா முழுவதும் பெரும்பாலும் இலவசம். ஸ்லோவேனியா, குரோவேஷியா போன்றவற்றுக்கு முன்கூட்டியே சொல்லிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கலாம். சில நாடுகளுக்கு அடியோடு தடை. இரண்டு தளங்களில் ஒரே காருக்கு 30 யூரோ வித்தியாசம் தெரிந்தால், அந்த வித்தியாசம் பெரும்பாலும் இந்தப் பத்தியில்தான் இருக்கும்.

இன்னும் நுணுக்கமான ஒன்று, காரின் பிராண்ட். ஒரே நிறுவனம் சாதாரண கார்களை ஸ்லோவேனியாவுக்கு அனுமதித்து, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி போன்றவற்றை அனுமதிக்காமல் இருக்கலாம். திருட்டுப் பயம்தான் காரணம்; இத்தாலிக்கும் இதே தடையை வைத்திருப்பவர்கள் உண்டு. என் முதல் பயணத்தில் கவுன்டரில் இருந்தவர், நான் பதிவு செய்த சிறிய கார் இல்லை, அதே விலைக்குப் பெரிய பிஎம்டபிள்யூ தருகிறேன் என்றார். மியூனிக்கில் பிஎம்டபிள்யூ, என் மகன் அதற்குள் கண்ணாடி வழியே அதைப் பார்த்துவிட்டான். ஸ்லோவேனியாவுக்குப் போகிறோம் என்று நான் சொன்னதும் அவர் விரல் கீபோர்டின் மேல் நின்றது. திரையைப் பார்த்தார், உள்ளே போய் யாரிடமோ கேட்டார், திரும்பி வந்து இந்தக் காரில் போகக்கூடாது என்றார். முக்கால் மணி நேரம் காத்திருந்து ஒரு சாதாரண ஸ்கோடா வாங்கிக்கொண்டு கிளம்பினோம். வாயைத் திறந்து சொல்லியிருக்காவிட்டால் அந்தச் சுற்று முழுவதும் காப்பீடு இல்லாமல் ஓட்டியிருப்போம். ஆகவே எந்தெந்த நாடு என்பதை வரிசையாகச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் அந்த நாடுகளின் பெயரை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சாக ஒப்புக்கொண்டது மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது.

கியர் விஷயமும் உண்டு. நீங்கள் தனியாகக் கேட்காவிட்டால் வருவது பெரும்பாலும் மேனுவல் கார். இடப்பக்கம் உட்கார்ந்து வலது கையால் கியர் போடுவதும், சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதும் ஒரே நாளில் பழக வேண்டாம். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது முதல் பயணத்துக்கு ஆட்டோமேட்டிக் எடுங்கள்.

மனைவியோ கணவனோ மாறி மாறி ஓட்டுவதாக இருந்தால் இரண்டு பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். டெபாசிட்டுக்கு முதன்மை ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு தேவை. டெபிட் கார்டை மறுக்கும் இடங்கள் ஏராளம். காரை வேறொரு நாட்டில் திருப்பிக் கொடுக்க நினைத்தால் அதற்கான கட்டணம் சில நேரம் வாடகையையே மிஞ்சும். இந்தச் சுற்றை வட்டமாக வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

காப்பீட்டில் தற்பொறுப்புத் தொகை என்று ஒன்று இருக்கும். சேதமானால் அந்தத் தொகை வரை உங்கள் பாக்கெட்டிலிருந்து போகும். அதைப் பூஜ்யமாக்கும் திட்டத்தை வாடகை நிறுவனத்திடமே எடுத்தால் விலை கூடும், தலைவலி குறையும். இடைத்தரகுத் தளங்கள் விற்பது வேறு வகை: முதலில் நீங்கள் கட்டி, பிறகு ரசீதுகளோடு கேட்டு வாங்க வேண்டும். எதை எடுத்தாலும் டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம் இவை அதில் அடங்குமா என்று பாருங்கள். மலைச் சாலையில் அடிபடுவது அவைதான்.

கவுன்டரிலிருந்து காருக்கு

சாவி வந்ததும் அவசரப்படாதீர்கள். காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள்: நான்கு சக்கரம், முன் கண்ணாடி, கூரை, எரிபொருள் அளவு, ஓடிய கிலோமீட்டர். ஒவ்வொரு கீறலும் ஒப்பந்தத்தாளில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாகனப் பதிவுச் சான்று காரில் இருக்க வேண்டும். பின்பக்கம் எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி, ஒளிரும் மேல்சட்டை இருக்கும். மேல்சட்டையை மட்டும் டிக்கியில் விடாமல் இருக்கைக்கு அடியில் மாற்றி வையுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டி நின்றுபோனால் அதைப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். குழந்தைகள் இருந்தால் 150 செ.மீ. உயரம் வரை அதற்கான இருக்கை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கு நாடு விதி சற்று மாறினாலும் இந்த அளவு நான்கு நாட்டுக்கும் பொருந்தும்.

நவம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை போகிறவர்கள் டயரைக் குனிந்து பாருங்கள். மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் பொறித்த சின்னம் இருந்தால் அது குளிர்கால டயர். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பனிச் சாலையில் அது கட்டாயம்.

கடைசியாக நம்பர் பிளேட்டைப் படம் எடுங்கள். அடுத்த வேலைக்கு அதுதான் தேவை.

விக்னெட்: இந்தச் சுற்றின் முக்கியப் பாடம்

ஜெர்மனியில் கார்களுக்கு நெடுஞ்சாலைக் கட்டணம் இல்லை. ஆஸ்திரியாவிலும் ஸ்லோவேனியாவிலும் விக்னெட் முறை. நாள் கணக்கில் ஒரு தொகையைக் கட்டிவிட்டால் அந்த நாட்டின் நெடுஞ்சாலைகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். சுங்கச்சாவடி கிடையாது, மேலே இருக்கும் கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும். முன்பெல்லாம் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கராக இருந்தது. இப்போது நம்பரைப் பதிவு செய்தால் போதும்.

நம்பர் தெரிய வேண்டும் என்பதால் வாடகைக் காருக்கு முன்கூட்டியே வாங்க முடியாது. சாவி கையில் வந்த பிறகு வாகன நிறுத்துமிடத்திலேயே போனில் வாங்குங்கள், அல்லது எல்லைக்கு முந்தைய பெட்ரோல் பங்கில் வாங்குங்கள். ஆஸ்திரியாவுக்கு ஆஸ்ஃபினாக், ஸ்லோவேனியாவுக்கு டார்ஸ். இவை இரண்டும் அந்தந்த நாட்டு நெடுஞ்சாலை நிறுவனங்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் கூடுதல் காசு பிடுங்கும் இடைத்தரகர்கள். ஆஸ்ஃபினாக் தளத்தில் வாங்கும்போது விக்னெட் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். சில வகைகள் வாங்கிய அன்றே தொடங்குவதில்லை.

பதிவில் நம்பரும், கார் பதிவான நாடும் கேட்கும். பிளேட்டின் இடது ஓரத்தில் நீலப் பட்டையில் இருக்கும் எழுத்துதான் நாடு: ஜெர்மனிக்கு டி, ஆஸ்திரியாவுக்கு ஏ. பூஜ்யத்தையும் ஓ எழுத்தையும் மாற்றிப் போட்டால் நீங்கள் பணம் கட்டியது வேறொரு காருக்கு. எடுத்து வைத்த படத்தை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் அடிப்பது நல்ல வழி. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

ஆஸ்திரியாவில் 1 நாள், 10 நாள், 2 மாதம், ஓராண்டு என்று வகைகள் உண்டு. 1 நாளுக்கு 9 யூரோ சொச்சமும் 10 நாளுக்கு 12, 13 யூரோவும் ஆகும். ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும். இந்தச் சுற்றில் முதல் நாள் சால்ஸ்பர்க் பக்கமும் கடைசி நாள் இன்ஸ்ப்ரூக் பக்கமும் ஆஸ்திரியாவைக் கடக்கிறோம். இரண்டு ஒரு நாள் சீட்டைவிட ஒரு 10 நாள் சீட்டு மலிவு. பயணம் பத்து நாளுக்குள் முடிந்தால் போதும்.

இதற்குமேல் ஆஸ்திரியாவில் சில மலைச் சாலைகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. சால்ஸ்பர்க்குக்குத் தெற்கே ஏ10 சாலையில் டாவெர்ன், காட்ஷ்பெர்க் சுரங்கங்கள்; ஸ்லோவேனியாவுக்குள் நுழையும் கரவாங்கன் சுரங்கம்; இத்தாலியிலிருந்து திரும்பும்போது பிரென்னரின் ஏ13. விக்னெட் கையில் இருந்தாலும் இவற்றுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். கார்டு காட்டினால் முடிந்தது.

ஸ்லோவேனியாவில் ஒரு வாரச் சீட்டுதான் குறைந்தபட்சம். சுமார் 16 யூரோ. வாங்கும்போது 2ஏ, 2பி என்று இரண்டு வகை கேட்கும். முன் சக்கர அச்சுக்கு நேர் மேலே காரின் உயரம் 1.30 மீட்டருக்குக் குறைவு என்றால் 2ஏ. சாதாரண கார்கள் எல்லாம் இதில் வரும். குடும்பமாகப் போக எட்டு இருக்கை வேன் எடுத்தவர்கள் டேப் வைத்து அளந்து பாருங்கள். கரவாங்கன் சுரங்கத்தைத் தாண்டியதுமே ஸ்லோவேனிய நெடுஞ்சாலை தொடங்கிவிடுகிறது, ஆகவே அதற்கு முன்பே விக்னெட் தயாராக இருக்க வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 300 யூரோவில் தொடங்கும்.

சாலையில் முதல் மணி நேரம்

வலப்பக்கம் ஓட்டுவது நேர்ச் சாலையில் தானாக வந்துவிடும். தடுமாறுவது திருப்பங்களில், அதுவும் பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வரும்போதும் காலையில் காலியான தெருவில் கிளம்பும்போதும். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் 'வலது, வலது' என்று சொல்லிக்கொண்டே வரட்டும். ரவுண்டானாவைக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். இடப்பக்கம் பார்த்துவிட்டு நுழையுங்கள்.

நம் ஊர்ப் பழக்கத்துக்கு முற்றிலும் புதியது, வலப்பக்கத்துக்கு முன்னுரிமை. குடியிருப்புத் தெருக்களில் சிக்னலோ பலகையோ இல்லாத சந்திப்பில், உங்கள் வலது கைப் பக்கமிருந்து வருகிற காருக்கு நீங்கள் நின்று வழிவிட வேண்டும். அது எவ்வளவு சின்னச் சந்திலிருந்து வந்தாலும் சரி. அந்தப் பக்கமிருந்து வருபவர் நீங்கள் நிற்பீர்கள் என்று முழுமையாக நம்பித்தான் வருகிறார்.

ஆட்டோபான் எனப்படும் ஜெர்மன் நெடுஞ்சாலைகளில் வேக வரம்பில்லாத பகுதிகள் உண்டு, பரிந்துரை மணிக்கு 130 கி.மீ. இடது தடம் முந்துவதற்கு மட்டும். முந்தியதும் வலப்பக்கம் திரும்பிவிடுங்கள், வலப்பக்கமாக யாரையும் முந்தாதீர்கள். கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்த கார் நான்கைந்து நொடியில் பின்னால் வந்து நிற்கும்.

நெரிசலில் வண்டிகள் மெதுவாகத் தொடங்கியவுடனே, ஆம்புலன்ஸ் சத்தம் வரும்வரை காத்திராமல், நடுவில் வழி ஒதுக்க வேண்டும். இடதுகோடித் தடத்தில் இருப்பவர்கள் இடது ஓரம், மற்ற எல்லாத் தடத்தினரும் வலது ஓரம். ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டிலும் இது சட்டம். முதல் முறை பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது: மூன்று தடத்தில் நின்றிருந்த நூற்றுக்கணக்கான கார்கள் யாரும் சொல்லாமலே விலகி, நடுவில் ஒரு முழுச் சாலையைத் திறந்து வைத்திருந்தன.

ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, இத்தாலி மூன்றிலும் நெடுஞ்சாலையில் உச்ச வேகம் 130. இத்தாலியில் மழை பெய்தால் 110. ஆஸ்திரியாவில் காற்று மாசுக்காகப் பல இடங்களில் 100 ஆகக் குறைக்கும் மின்பலகைகள் உண்டு. இன்ஸ்ப்ரூக்கைச் சுற்றி அதிகம். ஊருக்குள் எங்கும் 50, அதையும் குறைத்துப் பலகை இருந்தால் அதுதான். ஸ்லோவேனியாவில் பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். நான்கு நாட்டுக்கும் சேர்த்து எப்போதும் போட்டே வைத்துவிடுங்கள். ஸ்பீடு கேமரா இருக்கும் இடத்தைச் சொல்லும் செயலியை ஓட்டுபவர் பயன்படுத்துவது ஜெர்மனியில் தவறு.

இத்தாலி தனி உலகம்

லூப்லியானாவிலிருந்து ட்ரியெஸ்தே ஒரு மணி நேரம்தான். இத்தாலி 2023 அக்டோபரில் ஸ்லோவேனிய எல்லையில் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

இங்கே விக்னெட் இல்லை, டோல். ட்ரியெஸ்தே தாண்டி லிசெர்ட் சாவடியில் இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பும். வெளியேறும் இடத்தில் தூரத்துக்கு ஏற்பக் கட்ட வேண்டும். சீட்டைத் தொலைத்தால் மிகத் தொலைவான சாவடியிலிருந்து வந்ததாகக் கணக்குப் போடுவார்கள். கட்டும் இடத்தில் மஞ்சள் பலகையில் டெலிபாஸ் என்று மட்டும் போட்ட தடத்துக்குள் போகாதீர்கள். அது தானாக டோல் கட்டும் கருவியைக் காரில் வைத்திருப்பவர்களுக்கு. கார்டு படமோ நாணயப் படமோ போட்ட தடம் நமக்கு. தவறிப் போய் நுழைந்துவிட்டாலும் பின்னால் எடுக்கவே கூடாது. உதவிப் பொத்தானை அழுத்துங்கள். ஒரு ரசீது வரும், 15 நாளுக்குள் இணையத்தில் கட்டிவிடலாம்.

பெட்ரோல் பங்கில் ஒரே கம்பத்தில் இரண்டு விலை இருக்கும். நாமே போட்டுக்கொண்டால் ஒன்று, ஆள் வந்து போட்டால் அதைவிடக் கூடுதல். பெயரும் குழப்பும்: பெட்ரோல் பென்சினா, டீசல் காஸோலியோ. காஸோலியோவை காஸலின் என்று நினைத்துப் பெட்ரோல் காரில் டீசல் போட்டவர்கள் உண்டு. பெயரை நம்பாமல் சின்னத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் பெட்ரோலுக்கு வட்டத்துக்குள் ஈ5, ஈ10. டீசலுக்குச் சதுரத்துக்குள் பி7. காரின் டேங்க் மூடியிலும் அதே சின்னம் இருக்கும். ஆளில்லாத பங்கில் இயந்திரம் கார்டில் 100 யூரோ வரை பிடித்து வைத்துப் பிறகு விடுவிக்கும்; பதற வேண்டாம்.

இப்போது ஜோனா ட்ராஃபிகோ லிமிதாத்தோ. பழைய நகரங்களின் மையத்தில் வெளியூர்க் கார் நுழையக் கூடாது என்ற பகுதி. சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டப் பலகை, மேலே ஒரு கேமரா. தடுப்பு எதுவும் இல்லை. மின்பலகையில் 'வார்கோ அத்திவோ' என்று எரிந்தால் வாயில் திறந்திருக்கிறது என்று பொருள் இல்லை. கேமரா வேலை செய்கிறது, நுழையாதே என்று பொருள்.

வடக்கு இத்தாலியின் ஒரு நகரத்தில் போன் காட்டிய வழியில் ஹோட்டல் வாசல் வரை ஓட்டிப் போனேன். மழை, பின்னால் ஒரு டாக்ஸி, பலகையைப் படிக்க நேரமில்லை. அறையைப் பார்த்துவிட்டு வெளியே போய் நிறுத்தினேன். நான்கு மாதம் கழித்து வாடகை நிறுவனம் என் கார்டில் இருமுறை 40 யூரோ சொச்சம் எடுத்திருந்தது. அது அபராதம் இல்லை. என் பெயரையும் முகவரியையும் நகரக் காவல்துறைக்குத் தந்ததற்கான கட்டணம். அபராதம் அதற்கும் பிறகு, தனித்தனி உறையில் இரண்டாக வந்தது. வெவ்வேறு கேமரா, வெவ்வேறு நேரம். உறையைப் பிரித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, ஏனென்றால் தவிர்ப்பது அவ்வளவு சுலபம். ஹோட்டல் அந்தப் பகுதிக்குள் இருந்தால் முன்கூட்டியே எழுதி, கார் நம்பரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் வெளியே நிறுத்திவிட்டு நடங்கள். அப்படியும் நோட்டீஸ் வந்துவிட்டால், கைக்கு வந்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும்.

நிறுத்துமிடத்தில் தரைக்கோடு நீலம் என்றால் கட்டணம், வெள்ளை என்றால் பெரும்பாலும் இலவசம், மஞ்சள் என்றால் வேறு யாருக்கோ ஒதுக்கியது. வெனிஸில் கார் ஓடாது. பாலத்தைத் தாண்டி பியாஸாலே ரோமாவிலோ ட்ரோன்கெட்டோவிலோ நிறுத்தலாம். அதைவிட மலிவு, பாலத்துக்கு இந்தப் பக்கம் மெஸ்த்ரேயில் நிறுத்திவிட்டு ரயில் ஏறுவது.

திரும்பும் வழி

வெரோனாவிலிருந்து ஏ22 வடக்கே ஏறுகிறது. இத்தாலியப் பகுதிக்கான டோலைக் கட்டி முடித்தால் பிரென்னர். அங்கே ஏ13க்குத் தனிக் கட்டணம், அதன் பிறகு இன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஏ12க்கு நம்முடைய 10 நாள் விக்னெட். கணவாய்க்கு அருகில் உள்ள லூக் பாலத்தில் 2025 தொடக்கம் முதல் பெரும்பாலான நாட்களில் ஒரு திசைக்கு ஒரு தடம்தான். சனிக்கிழமை இந்த வழியை வைத்துக்கொள்ளாதீர்கள். கூட்டத்துக்குப் பயந்து ஊர்ச் சாலைக்கு இறங்கவும் முடியாது. விடுமுறைக் காலத்து வார இறுதிகளில் ஆஸ்திரியாவின் திரோல் மாநிலம் கடந்து போகும் கார்களை ஊருக்குள் விடுவதில்லை.

குஃப்ஸ்டைன் தாண்டி கீஃபர்ஸ்ஃபெல்டனில் ஜெர்மன் போலீஸ் நிற்கிறார்கள். தடம் குறுகும், நடை வேகத்துக்கு வாருங்கள், கண்ணாடியை இறக்குங்கள். உள்ளே எட்டிப் பார்த்துக் கை காட்டிவிடுவார்கள், அல்லது ஓரம் கட்டச் சொல்வார்கள். ஓரம் கட்டச் சொன்னால் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் வாடகை ஒப்பந்தமும் தயாராக இருந்தால் ஐந்து நிமிட வேலை. டிக்கியில் பெட்டிக்கு அடியில் இருந்தால் அரை மணி நேரம்.

வழியில் மோதல் நேர்ந்தால்

நான்கு நாட்டிலும் 112. அடிபட்டது கீறல்தான் என்றாலும் வாடகை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். போலீஸ் அறிக்கை இல்லாவிட்டால் காப்பீடு இல்லை என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. காரின் கையுறைப் பெட்டியில் ஐரோப்பிய விபத்துப் படிவம் இருக்கும். இதன் அழகு, எல்லா மொழியிலும் கட்டங்களின் எண்ணும் இடமும் ஒன்றே. எதிர்த்தரப்பு இத்தாலியப் படிவம் வைத்திருந்தால், உங்கள் படிவத்தைப் பக்கத்தில் வைத்து எண்ணைப் பார்த்து நிரப்பலாம். குறிப்பு எழுதும் கட்டத்தில் அவர் எழுதியது புரியாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்தச் சுற்றை விட்டு விலகினால்

சுவிட்சர்லாந்தில் ஓராண்டு விக்னெட் மட்டுமே உண்டு, 40 ஃபிராங்க். ஒரு நாள் கடந்து போவதற்கும் அதுதான். அங்கே ஐரோப்பிய ஒன்றிய ரோமிங் செல்லாது, ஆகவே வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். அங்கே வசிக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: சுவிஸில் குடியிருப்பவர் வெளிநாட்டு நம்பர் கொண்ட வாடகைக் காரை சுவிஸுக்குள் ஓட்டச் சுங்கக் கட்டுப்பாடு உண்டு. ஜெனீவா, பாசெல் விமான நிலையங்களில் பிரெஞ்சுப் பக்கம், சுவிஸ் பக்கம் என்று இரண்டு வாடகைக் கவுன்டர்கள் இருப்பதால், முன்பதிவில் எந்தப் பக்கம் என்று பாருங்கள். எடுத்த பக்கத்திலேயே திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனிலும் யூரோவிலும் இருக்கிறது. டுப்ரோவ்னிக் போக முன்பு போஸ்னியாவின் சிறு பகுதியைக் கடக்க வேண்டியிருந்தது. 2022 ஜூலையில் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் அதை நீக்கிவிட்டது. போஸ்னியா, மாண்டினீக்ரோ, செர்பியா பக்கம் போவதாக இருந்தால் எழுத்து மூல அனுமதியும் கிரீன் கார்டு எனப்படும் காப்பீட்டுச் சான்றும் கையில் இல்லாமல் புறப்படாதீர்கள்.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது

கடைசிப் பங்கில் டேங்கை நிரப்பி ரசீதை வாங்குங்கள். நிறுத்துமிடத்தில் மறுபடி ஒரு வீடியோ, அதே வரிசையில். ஆள் இருந்தால் சேதமில்லை என்று எழுதி வாங்குங்கள். ஒப்பந்தம், விக்னெட் ரசீதுகள், டோல் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஓட்டியவர் யார் என்று தெரிந்த நாளிலிருந்து 360 நாள் வரை இத்தாலியிலிருந்து நோட்டீஸ் வரலாம். அந்த உறையை ஒன்றரை ஆண்டு தூக்கிப் போடாதீர்கள்.